நாலு மூலையும் நல்ல சத்தம்

ஆறுமுகநயினாருக்கு வயது நாற்பத்திநாலு. இருபது வருஷத்துக்கு முன்னால் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கொத்துக்கரண்டியோடு திருவனந்தபுரம் வந்தவர். இப்போது கழக்கூட்டத்தில் டைல்ஸ் ஒட்டும் கான்ட்ராக்டர், கீழே பதினெட்டுப் பேர். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் பெரிசு. கொஞ்சம் என்ன, ஊருக்கே கேட்கும்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையில் கம்போடு சைட்டுக்கு வருவார். அன்றைக்கு ஒட்டின கல் ஒவ்வொன்றையும் நாலு மூலையிலும் தட்டுவார். அடியில் பசை நிறைந்திருந்தால் 'ணங்' என்று கேட்கும், காலியாக இருந்தால் 'டொப்'. டொப் கேட்டதோ போச்சு. ஒட்டினவனைக் கூப்பிட்டு, மற்ற எல்லோரையும் சுற்றி நிறுத்தி, அவன் பாட்டன் வரைக்கும் இழுத்து ஏசி, அவன் கையாலேயே கல்லைப் பெயர்க்க வைப்பார். "அவமானப்பட்டாத்தாம்லே வேலை படியும்" என்பார். பலனும் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷமாக டொப் சத்தம் அபூர்வமாகிவிட்டது. ஏசி ஏசியே பயல்களைத் தேற்றிவிட்டேன் என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார், பாவம்.

ஷட்டில் ஆட வந்ததற்குக் காரணம் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். கழக்கூட்டம் ஹைவேயில் எங்கே நடக்க? லாரி அடித்தால் ஆளும் போய்ச் சர்க்கரையும் போய்விடும். ஆகவே வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷட்டில் கோர்ட்டில் காலை ஆறு மணி வகுப்புக்குச் சேர்ந்தார். "இந்த வயித்த வச்சிக்கிட்டு உங்களுக்கு டவுசர் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் மனைவி ஆவுடைத்தாய். சொன்னாளே தவிர, டவுசரை வாங்கிக்கொண்டு வந்ததும் அவள்தான்.

முதல் மாதம் மட்டை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, தானே சிரித்துக்கொண்டார். சொல்லிக்கொடுத்த ஸ்மிதாவுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். பந்து கீழே விழுந்தால், "சாரமில்ல சேட்டா, ஒன்னுகூடி", பரவாயில்லை, இன்னொரு தடவை என்று அடுத்ததை எடுத்துப் போடுவாள். அவளிடம் தப்பு செய்வது சுலபமாக இருந்தது.

இரண்டாவது மாதம் ஜோடி ஆட்டம் ஆரம்பித்தது. இவருக்கு ஜோடியாக ஷைஜு வந்தான், ஐடி கம்பெனி ஆள். மரியாதையான பையன், ஒரு வார்த்தை ஏச மாட்டான். இவர் பந்தை விட்டால் மேற்கூரையைப் பார்த்து 'ச்சே' என்பான். அவ்வளவுதான். பதினெட்டுப் பேரின் பரம்பரையை அலசுகிற மனுஷனுக்கு அந்த ஒரு ச்சேயைத் தாங்க முடியவில்லை. மெல்ல மெல்ல அவர் கோர்ட்டின் பின்பக்கம் ஒதுங்கிக்கொண்டார். நேராக மட்டைக்கே வருகிற பந்தை மட்டும் தூக்கிப் போட்டார். கொஞ்சம் எட்டி வந்தால், "ஷைஜு, உனக்கு!" என்று கத்திவிடுவார். பத்து நாளில் அவர் கணக்கில் தப்பே இல்லை. தேறிவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

ஒரு புதன்கிழமை ஸ்மிதா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். "சேட்டா, இப்ப மிஸ்டேக் ஒண்ணும் வர்றதில்ல. பக்ஷே கை நீட்டுறதே இல்லையே. ஆரைப் பேடிக்குந்நது?"

யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்கிறாள். "பயமா? எனக்கா?" என்று நயினார் உரக்கச் சிரித்தார். மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. பயம்தான். கேவலம், ஒரு ச்சேக்குப் பயம்.

மறுநாள் காலையில் சைட்டிலிருந்து போன் வந்தது. எட்டு மாடிக் குடியிருப்பு, நாற்பது பாத்ரூம், திங்கட்கிழமை எஞ்சினியர் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த பிளாக் வேலை இவருக்கு. இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பிளம்பர் கையிலிருந்து நழுவின ஸ்பேனர், ஒரு கல்லின் நடுவில் விழுந்து அதை இரண்டாகப் பிளந்திருந்தது.

நயினார் உடைந்த கல்லைப் பெயர்த்துப் பார்த்தார். நாலு மூலையிலும் உள்ளங்கையளவு பசை. நடுவில் ஒன்றுமே இல்லை. அவர் கம்பு எங்கே விழும் என்று பயல்களுக்குத் தெரியும். விழுகிற இடத்தை மட்டும் நிறைத்திருக்கிறார்கள்.

வாயைத் திறந்தார். பதினெட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அந்த ஒதுங்கல் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒதுங்கல். நேற்றுக் காலைகூட கோர்ட்டில் அவர் அப்படித்தான் நின்றார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் மூடினால் மட்டும் போதுமா? சுவரும் தரையுமாக ஆறாயிரம் கல் இருக்கிறது. அவர் ஒருவரே ஒவ்வொன்றாக நடுவில் தட்டிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், மாற்ற நேரம் இருக்காது; பயல்களைத் தட்டச் சொன்னால் டொப்பையும் ணங் என்பார்கள். எது காலி என்று ஒட்டினவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்ல வேண்டும்.

"எதெதுன்னு சொல்லுங்கலே. ஏச மாட்டேன்" என்றார். ஒருத்தன்கூட நம்பவில்லை. எப்படி நம்புவான்?

கடைசியில் ஒரு பெட்டிச் சாக்பீஸ் வாங்கிவரச் செய்து நடுவில் வைத்தார். "சந்தேகம் உள்ள கல்லுல பெருக்கல் குறி போடுங்க. யார் ஒட்டுனதுன்னு கேக்க மாட்டேன். எங்க அம்மன் சத்தியமா கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தபோது எட்டு மாடியிலும் குறிகள். பத்துப் பதினைந்து இருக்கும் என்று நினைத்திருந்தார். நூற்றிப்பன்னிரண்டு. ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறினது ஏறினபடியே நிற்க, "சரி, கீழ் மாடியிலேருந்து ஆரம்பிங்க" என்றார். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளி முழுக்க, சனி மத்தியானம் வரைக்கும் அவரிடமிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. இவருக்கு மேலுக்கு முடியலையோ என்று பயல்கள் கவலைப்பட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எட்டாம் மாடிக் கடைசி பாத்ரூமுக்கு வந்தார். சின்ன பாத்ரூம். அதில் மட்டும் ஒன்பது குறி. கட்டிடத்திலேயே அதுதான் அதிகம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனுஷன், சத்தியமாவது கித்தியமாவது என்று வெடித்துவிட்டார்.

"எந்த மூதேவிலே இத ஒட்டுனது?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கையன்தான் முன்னால் வந்தான். பதினோரு வருஷமாக அவரோடு இருப்பவன், மூத்த வேலையாள்.

"அண்ணாச்சி, கோயில் கொடைக்கு நாங்க எல்லாரும் ஊருக்குப் போயிருந்தோம்லா. அப்ப நீங்க ஒட்டுனது."

அதை மறந்தே போயிருந்த நயினார் கம்பை எடுத்து நடுவில் தட்டினார். டொப். பக்கத்துக் கல்லையும் தட்டினார். தன் கல்லை அவர் தட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு எப்பலே தெரியும்?"

"ஊர்லேருந்து வந்த அன்னைக்கே."

"ரெண்டு மாசம் ஆச்சேலே! எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்லா?"

"உங்ககிட்டயா?" என்றான் தங்கையன். அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டான்.

நயினாருக்கு முகம் சுருங்கிப்போனது. உளியை வாங்கிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து, ஒன்பது கல்லையும் தானே பெயர்த்து ஒட்டினார். திங்கட்கிழமை கட்டிடம் கைமாறியது. அடுத்த பிளாக்கும் அவருக்கே வந்தது. அங்கே முதல் நாள், தான் ஒட்டின கல்லைக் காட்டி, கம்பைத் தங்கையன் கையில் கொடுத்து, "நடுவுல தட்டுலே" என்றார்.