மாமாவின் ஜெர்மன் பக்கிள்கள்

எங்கள் வீட்டில் யாருக்கும் யார் மீதும் நம்பிக்கை கிடையாது. பால்காரர்தான் தண்ணீர் கலக்கிறார் என்று அம்மாவும், அம்மாதான் கலக்கிறாள் என்று அப்பாவும் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே அதே காபியைக் குடித்து வந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய பார்சல்கள் வர ஆரம்பித்தால் கேட்கவா வேண்டும்?

பார்சல்கள் அம்மாவின் தம்பிக்கு வந்தன. மாமா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டு எங்களோடு இருந்தார். பார்சல் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ஏதோ உலோகம் உரசும் சத்தம் கேட்கும். பிறகு கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி இழுபடும். கள்ளக்கடத்தல் என்றார் அப்பா. தம்பிக்கு ஏதோ சொல்ல முடியாத நோய், அதற்குத்தான் வெளிநாட்டு மருந்து வருகிறது என்று அம்மா அழுதாள். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், மாமா ஓர் உளவாளி என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு நாள் மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பா பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே பஞ்சில் பொதிந்து பெல்ட் பக்கிள்கள் இருந்தன. சில அலுமினியம், சில துருவேறிய இரும்பு. ஒவ்வொன்றிலும் ஒரு பறவை, அதன் காலடியில் ஸ்வஸ்திக்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கருடன்லா இது! பிள்ள சாமி சமாச்சாரம்தான் சேத்து வச்சிருக்கான். நீங்கதான் கண்டதையும் நெனச்சீக."

"கருடன் எதுக்குடி ஜெர்மனியில இருந்து பார்சல்ல வருது?" என்றார் அப்பா.

ஈரத் தலையோடு வந்த மாமா கோபப்படவில்லை. கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டார். உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் இடுப்பில் கட்டியவையாம். அந்தச் சின்னத்துக்கும் நம் சாமிக்கும் சம்பந்தமில்லை, அதைப் போட்டவர்கள் செய்த கொடுமை கொஞ்சநஞ்சமல்ல என்றார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடலாமாம். "அம்புட்டுக் கொடுமைக்காரன் சாமானை நீ ஏம்லே சேக்குத?" என்று அம்மா கேட்டதும் பக்கிள்களை மறுபடி பஞ்சில் பொதிய ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் தாயில்பட்டிப் பக்கமிருந்து மாமாவுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. எத்தனையோ ஜாதகம் தட்டிப்போன பிறகு வந்த இடம். பெண்ணை மாமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும்தான். இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். மாமா தனியாகச் சிரிப்பதை நாங்கள் சந்தேகத்தோடு பார்த்தோம். பெண்ணின் அப்பா வந்து வீடு பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன்.

வந்தவர் கேசரியை வாயில் வைத்தபடி, "தம்பிக்கு வெளிநாட்டுப் பார்சல் வருதுன்னு தெருவுல சொன்னாக. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல" என்றார். நினைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மாமா உற்சாகமாகப் பெட்டியைத் தூக்கி வந்து பக்கிள்களைப் பாயில் வரிசையாகப் பரப்பினார்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். ஒன்றைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்.

"இம்புட்டும் யாருது தம்பி?"

"யாருதுன்னு எப்படிங்க தெரியும்? போட்டிருந்தவுகள்ல முக்காவாசிப் பேரு திரும்பியே வரல. அதான் இதுக்கு மவுசே" என்று மாமா சிரித்தார்.

பெரியவர் பக்கிளைப் பாயில் மெதுவாக வைத்தார். காபி வேண்டாம் என்று எழுந்துவிட்டார். வாசலில் அப்பாவிடம், "கோவிச்சுக்கிடாதீக. எம்பிள்ளைய இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றோடு மாமாவின் போன் அடிப்பது நின்றுபோனது. சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தப் பறவைதான் அபசகுனம் என்றாள் அம்மா. வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டுச் சாக்குத் தேடி வந்த ஆள் என்றார் அப்பா. நானோ, அவர் ஒன்றை மடியில் செருகிக்கொண்டு போயிருப்பாரோ என்று பெட்டியைத் திறந்து சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன.

பட்டாசு ஆலைக்குள் இரும்பு போகக்கூடாது, உரசினால் பொறி கிளம்பும், அதனால் ஆட்கள் பெல்ட்டைக் கழற்றி கேட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆலையில் வெடிவிபத்து நடந்த ஒரு நாள், எடுக்க ஆள் வராமல் கேட்டிலேயே கிடந்த பெல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டுப் போனவர் அந்தப் பெரியவர் என்பதுதான் அப்போது தெரியாது.