திரையில் வெட்டிய பலாப்பழம்

பழத்தை வெட்டாமலே ஸ்கேன் எடுத்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று கணினியில் பார்ப்பதுதான் என் வேலை. போன கோடையில் எங்கள் மலையூரான புதூர்நாட்டிலிருந்து எங்கள் மரத்துப் பலாவையே ஒன்று ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து, பழத்தையும் லேப்டாப்பையும் ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மவுஸை உருட்டினால் திரையில் பழம் துண்டு துண்டாகத் திறந்துகொண்டே போகும். எந்தப் பக்கமாகவும் திருப்பி வெட்டலாம். அம்மாவுக்குப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

“நிறுத்து, நிறுத்து! அந்த ஓரத்துல குண்டா ஒரு சுளை தெரியுது பாரு, அது என்னுது.”

“இன்னாம்மா இது, பழத்துல இன்னும் கத்தியே வெக்கல, அதுக்குள்ள பங்கா?” என்றார் அம்மா.

“அதான் உங்க பொண்ணு வெட்டிட்டாளே அண்ணி!”

எங்கள் ஊரில் பலாவை வெட்டினால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டார். சேதி பரவி, ஆளாளுக்கு வந்து பழத்தைத் திருப்பச் சொல்லித் தங்கள் சுளையைக் காட்டினார்கள். எரிச்சலோடு திருப்பிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் நிஜமாகவே அறுத்தபோது எனக்குத் தோலும் சக்கையும்தான் மிஞ்சின. அம்மாவை முறைத்தேன்.

“உனக்கு இன்னாடி, அதான் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியில முழுசா வெச்சிருக்கியே!” என்றார்.