மரியதாஸ் சொன்ன ‘போடு’

செய்தி வந்தபோது என் வாயில் பஞ்சு இருந்தது. பல் பிடுங்கிக்கொண்டு, மட்டாஞ்சேரி டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மும்தாஜ் போனில், “அக்கா, அண்ணன் படகுல மேலேருந்து விழுந்துட்டாரு” என்றாள். என்னால் திருப்பி ஒன்றும் கேட்க முடியவில்லை. கேட்காததற்கும் அவளே பதில் சொன்னாள். “அவரேதான் சுவிட்சைப் போடச் சொன்னாராம்.” உயிர் இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே தப்பு யாருடையது என்று வந்து சேர்ந்துவிட்டது. சந்தேகம் அந்த பெஞ்சிலேயே தொடங்கியது.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் வீட்டுக்காரர் மரியதாஸைத் தெரியும். மீன்பிடிப் படகுகளின் உச்சியில் சுற்றும் ரேடாரைப் பழுது பார்ப்பார். உப்புக்காற்று அதன் கேபிள் முனைக்குள் புகுந்தால் பித்தளை ஊசிகளில் பச்சை பூத்துவிடும். அந்த முனையை வெட்டி எறிந்து, ஒவ்வொரு கம்பியையும் சீவி, நிறம் பார்த்துப் புதிய முனையில் ஈயத்தால் பற்ற வைப்பார். பாதி பச்சைதானே, துடைத்துவிடு என்பார்கள் முதலாளிகள். “கரையில வேலை செய்யும். கடல்ல பொய் சொல்லும்” என்பார் அவர்.

எனக்கு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் பத்து வருடமாக அவரோடு படகுக்குப் போனேன். மேலே அவர் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்தால், கீழே என் கையில் இருக்கும் மீட்டர் கத்த வேண்டும். கத்தினால் நானும் கத்துவேன். ஒரு முதலாளி, “மரியதாசே, பெண்டாட்டி எந்தினா, எதுக்கு? மேலே ஏறுவாளா?” என்று சிரித்தார். “ஏற மாட்டா. அவ கீழ இருந்தாத்தான் நான் ஏறுவேன். நான் சுவிட்சை நம்புறதில்ல முதலாளி, அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஆளைத்தான் நம்புறேன்” என்றார் இவர்.

அன்று பல் வலியால் நான் போகவில்லை. படகோட்டும் பிரகாசன் ஸ்ராங்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்தார். அவர் சுவிட்சைப் போட்டதும் ரேடாரின் கை சுற்றி, இவரை அடித்துத் தள்ளியது.

அதுவரை என் பெயரைக்கூடக் கேட்காத படகு முதலாளி மூன்று முறை வீட்டுக்கு வந்தார். மூன்று முறையும், நான் கேட்காமலே, “அவரேதான் சொன்னதா, சேச்சி” என்றார். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படியே எழுதியாகிவிட்டது. நான் நம்பவில்லை. வேலை முடிந்தால் இறங்கி, கால் தரையில் பட்ட பிறகு, தானே போய் சுவிட்சைப் போடுகிறவர் அவர். மேலே இருந்துகொண்டு யாரையும் சுவிட்சைப் போடச் சொன்னதில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யை நட்டு வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

எட்டாம் நாள் பிரகாசன் ஸ்ராங்கு இவருடைய சாமான்களைக் கொண்டுவந்தார். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். “என்ன சொன்னாரு? அதே வார்த்தையைச் சொல்லுங்க.”

“போடுன்னு சொன்னார், சேச்சி. ஞான் காதால கேட்டதாணு. என் பிள்ளைகள் மேல சத்தியம்.”

அவர் கண்ணைப் பார்த்தேன். பொய் இல்லை. கையில் கயிறு கட்டிய துணிப்பை இருந்தது. அதைச் சுட்டிக் காட்டினேன்.

“இந்தப் பை எங்க இருந்துச்சு?”

“மேலேருந்து தொங்கிக் கிடந்நு. என் மூக்குக்கு நேரா.”

“உள்ள?”

“ஒண்ணுமில்ல. காலி.”

“டேப்பு?”

“அது கேபின்ல, பலகை மேல.”

நானே அவருக்குச் சொன்னேன். பற்ற வைத்த இடத்தைச் சுற்ற டேப் வேண்டும் என்றால், மேலிருந்து பையை இறக்கி ‘போடு’ என்பார். நான் “டேப் போடறேன்” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பையில் போடுவேன். திருப்பிச் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. தமிழில் சுவிட்சையும் போடுவோம், பையில் டேப்பையும் போடுவோம். மலையாளியான ஸ்ராங்குக்குத் தெரிந்தது சுவிட்சைப் போடுவது மட்டும்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். “அப்போ, கொன்னது ஞானோ சேச்சி?” என்றார். பிறகு எழுந்து, ஸ்டேஷனில் பையைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை சொல்லவில்லை. முதலாளி தடுக்கிறாரா, பயம் தடுக்கிறதா, தெரியாது. இரண்டையும் சந்தேகப்படுகிறேன்.

உயிருக்கு உயிர் கேட்கவில்லை. கவனமில்லாமல் செத்தான் என்ற ஒரு வரி அவர் பெயரின் மேல் இருக்கக் கூடாது. அவர் டேப் கேட்டார், அவ்வளவுதான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கண்டிப்பு: காதில் விழுந்ததை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரகாசன் சேட்டா, பின் வரிசையில் நீங்கள் நிற்பது எனக்குத் தெரியும். நடந்ததை நான் சொல்லிவிட்டேன். திருப்பிச் சொல்லுங்கள்.