தபசுச் செருப்பு

என் வீட்டுக்காரர் வருசத்துக்கு ஒரு தடவை கோயில் தெருவில் ஊரான் செருப்பைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஐயோ பாவம், இந்தப் பெண் எப்படிப்பட்ட ஆளுக்கு வாக்கப்பட்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். என் நினைப்பு மாறுவதற்கு நாலைந்து ஆடி மாசம் ஆனது.

அவர் தச்சுவேலைக்காரர். கல்யாணமான புதிதில் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தை ஒட்டினாற்போல் தகர ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டார். அதற்குப் பின்னால் ஒரே ஒரு அறை, அதுதான் வீடு. அந்தப் பக்கம் தறி ஓடும், இந்தப் பக்கம் இவர் மிஷின் ஓடும். நான் வாசுதேவநல்லூர்க்காரி. குளத்துக் கரையில் கொக்கு கத்தினால் அதுவே பெரிய சத்தம் எனக்கு. இங்கே வந்து அவர் எதைச் சொன்னாலும் "ஆங்?" என்று நான் கேட்க, "செவிட்டுப் பிள்ளையை என் தலையில கட்டிட்டாங்க" என்று அவர் சிரிப்பார். பதிலுக்கு நான் கத்துவேன். கத்தினால்தான் அங்கே பேச்சு நடக்கும். இன்றைக்கும் என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்றால் அது அந்த ஷெட் கொடுத்த வரம்.

பட்டறையில் அவர் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தது ஒரு பெல்ட் மிஷின். இரண்டு உருளைக்கு மேல் உப்புத்தாள் பட்டை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பலகையை அதில் காட்டினால் சொரசொரப்பெல்லாம் போய்க் கன்னம் மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்த நாளில் எங்களுக்கு வந்ததெல்லாம் பேக்கிங் பெட்டி மரத்தில் அலமாரி, ஸ்டூல் இப்படி. அந்த மரத்தில் பிசின் அதிகம். மிஷின் சூட்டில் பிசின் இளகி, மரத்தூளோடு சேர்ந்து பெல்ட்டில் அப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பெல்ட் கறுத்து மினுமினு என்று ஆகிவிடும். அதற்குமேல் அது மரத்தைத் தேய்க்காது, கருக்கும்.

அப்படி ஒரு பெல்ட்டை நான் குப்பையில் போடப் போனபோதுதான் அவர் முதல்முதலாக என்மேல் எரிந்து விழுந்தார்.

"ஏட்டி, கூறு இருக்கா? மணல் எல்லாம் அப்படியே கெடக்கு. ஊடால அழுக்குதான் அடைச்சிருக்கு. தேயாத சாமானத் தூக்கிப் போடலாமா?"

சொல்லிவிட்டு ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்தார். பெல்ட்டை மாட்டி, மிஷினை ஓடவிட்டு, செருப்பின் அடிப்பக்கத்தை அதன்மேல் அழுத்தினார். கறுப்புக் கறுப்பாக உருண்டை உருண்டையாகக் கீழே உதிர்ந்தது. ரப்பர் கருகும் நாற்றம். செருப்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நகர்த்தினார். பின்னாலேயே பெல்ட்டின் சிவப்பு வெளியே வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அன்றைக்கே அந்த வேலையை என்னிடம் கொடுங்கள் என்று பிடுங்கிக்கொண்டேன்.

அந்த வேலையில் நான் பண்ணிய கூத்தும் உண்டு. துணி பெல்ட் தண்ணீர் தாங்கும். பிசின் விடாப்பிடியாக இருந்தால் வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காயவைப்போம். அதே நினைப்பில் கை மிஷினில் ஒட்டுகிற வட்டு வட்டான உப்புத்தாளையும் ஒரு நாள் வாளியில் போட்டுவிட்டேன். அது காகிதத்தில் செய்தது. எடுத்துக் காயவைத்தால் எல்லாம் சுருண்டு மடங்கிக் கிடக்கிறது. அவர் ஒன்றும் திட்டவில்லை. தறிக்கூடத்துக்குப் போய், "என் வீட்டம்மா அப்பளம் போட்டிருக்கா, வந்து பாருங்க" என்று ஆள் கூட்டி வந்தார். அதற்கு என்னைத் திட்டியே இருக்கலாம்.

இதற்கு எல்லாச் செருப்பும் ஆகாது. இப்போது வருகிற பஞ்சுச் செருப்பை வைத்தால் அது இளகிப் பெல்ட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், பெல்ட்டும் போச்சு. அசல் ரப்பராக இருக்க வேண்டும். அவ்வளவு செருப்புக்கு நாங்கள் எங்கே போவது? அங்கேதான் தபசு வருகிறது. அம்மன் தவமிருந்து சாமியின் காட்சி பெறும் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. மறுநாள் காலையில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் செருப்பு குவிந்து கிடக்கும். நெரிசலில் கழன்றது, அறுந்தது, தேடிக் கிடைக்காமல் விட்டுப்போனது. துப்புரவுக்காரர்கள் அள்ளுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிட்டு இவர் சாக்கோடு போய் நிற்பார். அந்த ஒரு சாக்கில் வருசம் முழுக்க ஓடிவிடும்.

ஆனால் அதில் எல்லாமே தவறிப்போன செருப்பு இல்லை. கோயிலில் செருப்பை விட்டுவிட்டு வந்தால் பிடித்த பீடையும் அதோடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கம் உண்டு. வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அதுதான் எனக்கு ஆகவில்லை.

ஏனென்றால் எங்களுக்குப் பிள்ளை இல்லை. திருநெல்வேலியில் இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "ஒரு குறையும் இல்லை, காத்திருங்க" என்றார்கள். காத்திருப்பது பெரிய காரியம் இல்லை. சடங்கு வீட்டிலும் கல்யாண வீட்டிலும், "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்பார்களே, அதைத் தாங்குவதுதான் பெரிய காரியம். எனக்கு அந்த ஆசை எப்படி இருந்தது என்றால், பட்டறையில் யார் தொட்டில் செய்யச் சொன்னாலும் நான் அன்றைக்கு ஆத்தா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். ஆடி பிறந்தால் அம்மன் சன்னதியில் வேண்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவேன். ஆடிச்சுற்று என்பார்கள். கூட்டத்தில் இடிபட்டு, கெண்டைக்கால் கல்லாகிப்போய், நெற்றியில் கோயிலில் கொடுத்த புற்றுமண்ணோடு வீட்டுக்கு வந்து விழுவேன். தபசுக்கு மறுநாள் இந்த மனுசன் சாக்கோடு வந்து நிற்பார்.

"நான் உள்ள பிள்ளை வரம் கேட்டுச் சுத்துதேன். நீங்க வெளிய ஊரான் பீடையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டு வாரீய. எப்படி வெளங்கும்?"

"ரப்பர்ல பீடை ஒட்டாதுட்டி. பிசின்தான் ஒட்டும்."

எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பதில் வைத்திருப்பார். என் வாய்க்காகச் செருப்பு முழுவதையும் சோப்புத்தண்ணீரில் கழுவி, ஷெட்டுக்கு வெளியே வேப்ப மரத்தில் தோரணமாகக் கட்டிக் காயப்போடுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

தறிக்கூடத்து மதினி ஒருத்தி எனக்கு அங்கே பேச்சுத்துணை. ஒரு ஆடியில் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"ஊரெல்லாம் விட்டுட்டுப் போறாங்க, நீயும் விட்டுத் தொலையேன். தபசு அன்னைக்குச் செருப்ப அங்கன கழத்திப் போடு. வெறுங்காலோட வீட்டுக்கு வா. திரும்பி மட்டும் பாக்காத."

ஊரான் பீடை எங்கள் ஷெட்டில் கிடக்கும்போது என் பீடை மட்டும் எதற்கு என்னோடு இருக்க வேண்டும்? எனக்கு அது நியாயமாகப் பட்டது. தபசு அன்றைக்குக் கிளம்பும்போது என்னிடம் இருந்த ஒரே செருப்பை, நீல வார் போட்ட ரப்பர் செருப்பை, மாட்டிக்கொண்டு போனேன். ரத வீதியில் ஒரு கடை ஓரமாகக் கழற்றிப் போட்டேன். அம்மா, இதோடு என் குறையையும் எடுத்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன். தபசுக் காட்சி பார்த்துவிட்டு வேறு வழியாகத் திரும்பினேன். ஜல்லி பெயர்ந்த ரோடு காலைக் குத்தியது. நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினாற்போல் சுகமாகவும் இருந்தது. வெறுங்காலோடு வந்து நின்றவளைப் பார்த்து, "செருப்பு எங்கட்டி?" என்றார். "கூட்டத்துல தொலைஞ்சு போச்சு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் சாக்கோடு போனவர் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறிப் பதினோரு மணி பஸ் போன பிறகும் காணோம். வந்தபோது சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. சாக்குப் பாதிதான் நிறைந்திருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கெடைச்சிட்டுட்டி. ஒத்தையத் தேரடிப் பக்கம் எடுத்தேன். இன்னொண்ணத்துக்கு நாலு தெருவும் அலைஞ்சேன். குதிகால் உள்பக்கமாத் தேஞ்சிருக்கும்லா உனக்கு, அத வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

என் நீல வார்ச் செருப்பு. கழுவித் துடைத்து வேறு கொண்டு வந்திருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. "யாரு ஒங்கள எடுத்துட்டு வரச் சொன்னா? அது தொலையட்டும்னுதான விட்டுட்டு வந்தேன். பிள்ளை இல்லாத பீடை என்னை விட்டுப் போகட்டும்னு விட்டேன். தேடிப்பிடிச்சுக் கொண்டாந்து என் கையிலயே குடுக்கீயளே" என்று கத்தினேன். தறி ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். அப்படியே மரத்தூளில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் சிரிப்புச் செத்துப்போய் நின்றார். கையில் செருப்பு. பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"நீ விட்டுட்டு வந்துட்ட. செருப்பு நல்லாத்தான இருக்கு. கால்ல ஒண்ணுமில்லாத எவளாவது ஒருத்தி மாட்டிட்டுப் போயிருப்பா. அவளுக்கும் புருசன் இருப்பான், அவளும் ஆசைப்படுவா. நாம படுற பாட்ட அவ எதுக்குட்டி படணும்?"

நான் அதை நினைக்கவே இல்லை. என் குறை என்னை விட்டுப் போனால் எங்கே போகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. முகம் தெரியாத ஒருத்தி என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு ஊருக்குப் பஸ் ஏறுவது கண்ணுக்குள் வந்தது. அழுகை இன்னும் கூடியது.

"அப்ப நான் இத என்னதான் செய்யட்டும்?" என்றேன்.

அவர் எழுந்துபோய் மிஷினைப் போட்டார். முந்தின வாரம் கறுத்துப்போன பெல்ட் அதில் மாட்டியிருந்தது. ஒரு செருப்பை என் கையில் கொடுத்தார், ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அழுத்தினோம். அசல் ரப்பர். அழுக்கு கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அந்தப் பெல்ட் வெளுத்ததும் அடுத்ததை மாட்டினார், பிறகு அதற்கடுத்தது. ஷெட்டில் அடைத்துக் கிடந்த பெல்ட் அத்தனையும் அன்றைக்குச் சுத்தமாயின. செருப்பின் குதிகால் போய், நடுப்பாதம் போய், கடைசியில் விரல் படும் என்று அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதிர்ந்த தூளையும் மிஞ்சிய வாரையும் கூட்டி அள்ளிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். யாருக்கும் போகாது என்றார்.

அந்த ஷெட் இப்போது இல்லை. ராஜபாளையம் ரோட்டில் பெரிய பட்டறை, தூசியை உறிஞ்சுகிற குழாய் எல்லாம் வைத்திருக்கிறோம். பெல்ட் துடைக்க ரப்பர் கட்டியே கூரியரில் வருகிறது, யாரும் செருப்புப் பொறுக்க வேண்டாம். வசதிதான். ஆனாலும் அந்தத் தகரக் கொட்டகையில் மூக்கு எரியக் கிடந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவு கத்தலும் அவ்வளவு சிரிப்பும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அந்தச் செருப்பைப் புதைத்ததற்கு அடுத்த ஆடியில் நான் சுற்றக் கிளம்பியபோது, "இரு, நானும் வாரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் இவர் சுற்றினதே இல்லை. கூட்டத்தில் யாரும் என்னை இடிக்காமல் கையை அணை மாதிரி நீட்டிக்கொண்டே கூட நடந்தார். முடித்துவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தபோது, "நீங்க என்ன கேட்டீய?" என்றேன்.

"நீ கேக்கதத்தான் கேட்டேன்" என்றார். பிறகு தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "குடுக்க முடியாட்டிப் பரவால்ல, இவள அழ மட்டும் விட்டுராதன்னும் ஒரு வார்த்தை சொல்லி வச்சேன்" என்றார்.

இரண்டில் ஒன்றையும் அம்மன் தரவில்லை. பிள்ளை வரவில்லை, நானும் அழாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் தனியாக உட்கார்ந்து அழுததில்லை.