அம்மாவின் கையில் ஸ்டார்

எங்கள் வீட்டில் ‘தப்பு’ என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. தடை போட்டவள் என் மனைவி. தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் டீச்சராக இருந்தாள். பிள்ளை எதைத் தவறாகச் செய்தாலும் தப்பு என்று சொல்லக் கூடாது, ‘மொதல்ல இருந்து பாப்போமா’ என்றுதான் கேட்க வேண்டும் என்பது அவள் சட்டம். நானோ தாலுகா அலுவலகத்தில் வருகிற மனுக்களில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். சாயங்காலம் வந்தால் அந்தச் சொல்லையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

வீட்டுப்பாடம் என்று பக்கம் பக்கமாக எழுதிவரச் சொல்லும் வழக்கமும் அவளிடம் கிடையாது. வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் வீட்டில் செய்ய ஒரு வேலை சொல்லி அனுப்புவாள். காய்ந்த துணியை யார் யாருடையது என்று பிரித்து மடிப்பது, பருப்பில் சொத்தை பொறுக்குவது, பாத்திரத்துக்குச் சரியான மூடி தேடுவது, வாளித் தண்ணீரில் எது மிதக்கும் எது முங்கும் என்று போட்டுப் பார்ப்பது. பருப்பு பொறுக்குவதற்காகவா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம் என்று ஒரு தாய் சண்டைக்கே வந்துவிட்டாளாம். அதற்கு இவள், “சொத்தைப் பருப்பையும் நல்ல பருப்பையும் பிரிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு, ‘ப’னாவையும் ‘ய’னாவையும் பிரிக்கத் தெரியாமலா போயிரும்?” என்று கேட்டிருக்கிறாள். சொன்ன வேலையை முடித்த பிள்ளையின் கையில் மறுநாள் சிவப்புப் பேனாவால் ஒரு ஸ்டார் போடுவாள். அது அழிந்துவிடும் என்று ஒரு பயல் குளிக்காமலேயே வந்துகொண்டிருந்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் ஒரே மகளும் இப்படித்தான் வளர்ந்தாள். நாளைக்குப் போகிற பையை இன்றைக்குச் சாயங்காலமே தானே அடுக்கி வைத்துவிட வேண்டும், பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. கனமானது அடியில், கசங்குவது மேலே, சிந்துவது வெளியே. இதை மகள் கிட்டத்தட்ட ஒரு பாட்டாகவே பாடுவாள். இதுபோக, தாயும் மகளுமாக ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். அடுப்படியில் வேலை பார்த்தபடியே என் மனைவி சொம்பைக் காட்டி ‘குடை’ என்பாள். மகள் ‘இல்ல, சொம்பு’ என்று கத்த வேண்டும். காலையில் எங்கள் வீட்டுச் சத்தமே அதுதான்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தவள், சீப்பைக் காட்டி ‘வாளி’ என்றாள். மகள் சரியான பெயரைக் கத்தினாள். ரிப்பனைக் காட்டி ‘சட்டி’ என்றாள். மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சவரம் செய்துகொண்டிருந்த நானும் கண்ணாடியைப் பார்த்தபடி சிரித்தேன். பிறகு அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அது எந்தப் பொருளின் பெயராகவும் இல்லை. “இது புதுசா இருக்கே, என்னதும்மா?” என்று மகள் ஆசையாகக் கேட்டாள். அதற்குள் சீப்பு கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்க அவள் வலது கை வரவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எது வரைக்கும் விளையாட்டு, எங்கிருந்து நோய் என்று பிரித்துச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். உயிர் தப்பியது. நடை மெல்ல மெல்ல வந்தது. வலது கை மரத்துப் போனது போனதுதான். பேச்சு மட்டும் வரவே இல்லை. நாம் சொல்வது அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்பதும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மா இருந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல வீட்டில் தினமும் செய்ய வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். துணியைப் பிரித்து மடிக்கச் சொல்லுங்கள், மூடியைப் பொருத்தச் சொல்லுங்கள், பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள், பை அடுக்கச் சொல்லுங்கள். பேருந்தில் திரும்பும்போது அந்தத் தாளைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இவள் சொல்லி அனுப்பியது இவளுக்கே திரும்பி வந்திருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அலுவலகம் போகாமல் எனக்கு முடியாது. சமையலுக்கு வருகிற அக்கா மூன்றரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். மகள் பள்ளி விட்டு வந்ததிலிருந்து நான் வரும்வரை தாயும் மகளும் மட்டும்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள் டீச்சர் ஆனாள். அம்மாவின் சிவப்புப் பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள். ஸ்டார் போட அவள் தேர்ந்தெடுத்தது அம்மாவின் வலது கை. ஏன் என்று கேட்டேன். அந்தக் கைதான் ஆடாமல் இருக்கிறது, கோடு கோணாமல் வருகிறது என்றாள்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து என் அக்கா வந்தாள். ஊர் விட்டுப் போய் எத்தனையோ வருஷமாகியும் அவள் நாக்கு மட்டும் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. இரண்டு நாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஏலே, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. முழுப் பரீட்சை வரைக்கும் பாரு. அதுக்குள்ள இவளுக்குப் பேச்சு வந்துட்டுன்னா சரி. இல்லேன்னா பிள்ளைய நான் கூட்டிட்டுப் போயிருதேன். பச்சைப் பிள்ளைய நோயாளிகூட ஒத்தையில விட்டுட்டு, நீ அங்கன உக்காந்து எப்படி வேலை பாப்ப?”

மகள் எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா ஊருக்குப் போன பிறகு நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மனைவியின் கையில் ஸ்டார் இருந்தது. முன்பு வாரத்தில் ஏதோ ஒருநாள் இருக்கும். இப்போது ஒருநாள்கூடத் தவறுவதில்லை. அம்மா இன்றைக்கு மூடியெல்லாம் பொருத்திவிட்டாள், கரண்டிக்குப் பெயர் சொன்னாள், துணியில் அப்பா சட்டையைச் சரியாக எடுத்தாள் என்று மகள் ஒப்பிப்பாள். என்னிடம் மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று கேட்டால், “உங்களப் பாத்தா அம்மாவுக்குப் பரீட்சை மாதிரி இருக்குப்பா, பயப்படுதா” என்பாள். நான் நம்பினேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் மிதப்பாகவே பேசினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் மகளின் புளுகு தையிலிருந்து பங்குனி வரை நின்றது. பங்குனியில் வண்ணார்பேட்டை மாடிக்கு மூன்று பேரும் போனோம். பயிற்சி அம்மா படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள். படம் மாறும்போதெல்லாம் மகளின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் அதைப் பார்த்துப் பார்த்து என் மனைவி வாயைக் குவித்தாள். பயிற்சி அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து, மகளை வெளி பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார். அவள் போனதும் வாய் குவிவதும் நின்றுபோனது. சீப்புப் படத்தை மனைவி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் வித்தியாசமே இல்லை சார் என்று பயிற்சி அம்மா என்னிடம் பைய சொன்னார்.

மகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பேருந்தில் என் மடியில் உட்கார்ந்திருந்தவள் அவளாகவே சொன்னாள்.

“அம்மாவுக்கு எல்லாம் தெரியும்ப்பா. வாயிலதான் வரமாட்டேங்கு.”

அப்போதும்கூட அவளை அனுப்பிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மனைவியின் முழங்கையில் பெரிய கன்றிப்போன காயம் இருந்தது. என்னவென்று கேட்டேன். மகள் துணி மடிக்கப் போய்விட்டாள். பிறகு பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போன இடத்தில் அம்மா விழுந்திருக்கிறாள். தூக்க முடியாமல் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வருவதற்குக் கொஞ்சம் முன்பு வரை இவள் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருந்தும் கூப்பிடவில்லை. கொடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துத்தான் தூக்கிவிட்டிருக்கிறாள். “யாரையாவது ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம்லா?” என்று மகளிடம் கேட்டேன்.

“கூப்பிட்டா அத்தைக்குத் தெரிஞ்சிரும்லா” என்றாள்.

காயத்துக்குக் கொஞ்சம் கீழே அன்றைய ஸ்டார் இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டு, வந்து கூட்டிக்கொண்டு போ என்றேன். ஏழு வயதுப் பிள்ளை சத்தம் போடக்கூடப் பயந்து வாழ வேண்டாம் என்று தோன்றியது. சரியாகத்தான் செய்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மனைவியிடமும் சொன்னேன். லீவு முடிந்ததும் பிள்ளை அக்கா வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா என்று கேட்டேன். அந்தக் கேள்வியும் அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

கூட்டிப்போக வந்த அக்காவும் மகளும் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் சென்னை வண்டி. வழிக்குச் சாப்பாடு வாங்கிவர அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, பத்தமடைப் பாயில் மனைவி உட்கார்ந்திருந்தாள். எதிரே மகளின் ஊர்ப்பை திறந்து கிடந்தது. பை அடுக்குகிற பயிற்சி அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒரு பொருளை வைப்பாள், அதோடு கை நின்றுவிடும், மீதியை மகள் வைத்து முடித்துவிடுவாள். அன்றைக்கு மகள் கொஞ்சம் தள்ளி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கை வைக்கவே இல்லை.

மனைவி அடியில் புத்தகங்களை வைத்தாள். பாவாடை சட்டைகளைத் தொடையில் போட்டு, இடது கையாலேயே நீவி நீவி மடித்து மேலே வைத்தாள். ரிப்பனைச் சுருட்டி வைத்தாள். தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஒரு பழந்துணியில் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கி, வெளிப்பக்கத்து ஜிப்பில் வைத்தாள். பென்சில் டப்பாவையும் அதற்குப் பக்கத்திலேயே செருகினாள். மகள் தூங்கும்போது முகத்தில் போட்டுக்கொள்கிற அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று உண்டு. எழுந்து போய் அதைக் கொடியிலிருந்து எடுத்துவந்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். கனமானது அடியில், கசங்குவது மேலே, சிந்துவது வெளியே. ஒன்றுகூட இடம் மாறவில்லை. பிறகு மரத்துப்போன வலது கையை இடது கையால் தூக்கி, மகள் பக்கமாக நீட்டினாள்.

மகள் எழுந்து வந்தாள். பையையும் அம்மாவின் கையையும் பார்த்தாள்.

“தப்பு” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை நாளும் வராததையெல்லாம் வந்தது வந்தது என்று சொன்ன பிள்ளை, பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். “எல்லாம் தப்பு. இது ஒண்ணுமே சரியில்ல” என்றாள். துணிகள் பாய் முழுக்கக் கிடந்தன. என் மனைவி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். பிறகு பையைத் தன் பக்கம் இழுத்து, புத்தகங்களை எடுத்து அடியில் வைத்து, முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள். மகள் திரும்பவும் கொட்டினாள். அவள் திரும்பவும் அடுக்கினாள். அக்கா வந்து ஆட்டோ நிற்கிறது என்று சொல்லும்வரை இது நடந்தது. கடைசியில் அவள் அடுக்கியபடியேதான் பை வண்டியேறியது. அன்றைக்கு அவள் கையில் ஸ்டார் இல்லை.

வீடு வெறிச்சென்று கிடந்தது. மறுநாள் சாயங்காலம் அக்கா வீடியோ காலில் வந்து போனை மகளிடம் கொடுத்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. போனை மனைவி முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையை இடது கையால் தூக்கிப் போனுக்கு முன்னால் கொண்டுவந்தாள்.

“நேத்து நீ அடுக்குனது சரிதாம்மா. எல்லாமே சரி. நான்தான் பொய் சொன்னேன்” என்றாள் மகள். அப்புறம் என்னிடம், “அப்பா, நீங்க அம்மாவுக்கு ஒரு ஸ்டார் போட்டுருங்க” என்றாள்.

சிவப்புப் பேனாவைத் தேடினேன். அலமாரியில் பார்த்தேன், பாய்க்கு அடியில் பார்த்தேன், மகள் உட்காருகிற இடமெல்லாம் பார்த்தேன். அது சென்னையில் இருந்தது. பென்சில் டப்பாவில் போட்டு, அதையும் என் மனைவி மறக்காமல் அடுக்கியிருந்தாள்.