கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

"ஏட்டி, டாக்டரம்மா தவறிட்டாவ. தூக்கத்துலயே போயிட்டாவளாம்." கடம்பூரிலிருந்து அம்மா போனில் சொன்னபோது எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டியில் அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்கு அது தப்பாகத் தோன்றாது.

கல்லூரி முடித்த வருடம் எனக்கு மாதவிலக்கு நின்றுபோனது. சினைப்பையில் நீர்க்கட்டி என்றார் டாக்டரம்மா, மெட்பார்மின் மாத்திரை எழுதினார். "இன்சுலின் கூடிட்டு. இதுல சிலருக்கு வளர்ச்சி ஹார்மோனும் குறையும். மாத்திரை போட்டா ரெண்டும் சீராகலாம்." அம்மா காதில் 'வளர்ச்சி' மட்டும்தான் விழுந்தது. அப்போதே நான் வாசலில் குனிந்துதான் நுழைவேன். மாத்திரையை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். நானும் கேட்கவில்லை, எனக்கும் பயம்தான்.

மறுமுறை போனபோது, "வயிறு கலக்குதா?" என்றார். இல்லை என்றேன். அம்மாவைப் பார்த்தார். "இந்த மாத்திரையப் போட்டாத்தானே கலக்கும்."

அம்மா உடைந்துவிட்டாள். "ஏற்கெனவே பனைமரமா நிக்கா, டாக்டரம்மா. இன்னும் வளந்தா மாப்பிள்ளைக்கு எங்க போவேன்? போடலைன்னா பிள்ளை தங்காதுங்காவ."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கதிர் முத்தின கம்பந்தட்டை உரம் போட்டா வளருமா? வளந்த உடம்புல அந்த ஹார்மோனுக்கு வேற சோலி." என்னைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டார். "மாசாமாசம் வந்து அளங்க. ஒரு நூல் கூடுனா மிச்ச மாத்திரைய நானே முழுங்குதேன்."

அம்மா விடாமல் அளந்தாள். நான் மாத்திரையைப் போட்டேன், வயிறு கொஞ்ச நாள் கலக்கி அடங்கியது. கோடு நகரவில்லை. ஒருநாள் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே அம்மா கூவினாள்: "டாக்டரம்மா, எம்மவ வீட்டுக்கு விலக்காயிட்டா!" பெண்கள் காதோடு காதாகச் சொல்லும் சேதி அது. "இதை இவ்வளவு சந்தோசமா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல" என்றார் அவர். அப்பாடா என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டது அன்றுதான்.

பிறகு என்னைவிட நாலு விரற்கடை குட்டையான மாப்பிள்ளை வந்தார். மகளும் பிறந்தாள். கிளினிக்குக்கு வெள்ளையடித்தபோதெல்லாம் அந்தக் கோட்டைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிடுவாராம்.

துக்கம் கேட்கப் போனோம். அம்மா என்னைக் கிளினிக்கின் அந்தக் கதவு நிலையில் நிற்கச் சொன்னாள். அவளுக்கு இப்போது கூன். எக்கி என் தலையைத் தடவிப் பார்த்தாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: எந்தப் பயத்தையும் பானைக்குள் ஒளிக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவும் வாய்விட்டுத்தான் சொன்னாள். "ஒரு நூல்கூடக் கூடல, டாக்டரம்மா. நீங்கதான் செயிச்சிய." சொல்லிவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே கையை வைத்துக்கொண்டு அழுதாள்.