ராசிபுரம் பஸ்ஸில் ஓர் ஆங்கிலப் பாடம்

வாசகசாலை நண்பர்களே, இன்று என் ஆங்கிலப் பாடம் சந்தி சிரித்துவிட்டது.

பட்டு வாங்க ராசிபுரம் வந்து தங்கியிருக்கும் நம் இந்திக்கார சேட்டுக்கு, காலையில் சேலத்துத் துரையிடம் பேட்டி. சாயக் கம்பெனி ஏஜென்சி அவருக்குக் கிடைக்குமா என்பது அதில்தான் முடிவாகும்.

விடிந்ததும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பாடம் நடத்தினேன்.

"'வில்' என்றால் உங்கள் 'ஜாயேகா'. நடந்தே தீரும். 'மே' என்றால் 'ஷாயத்'. நடந்தாலும் நடக்கும்."

சேட்டு கண்டக்டரைக் கேட்டார்: "பஸ் எப்போ போகும்?"

"இப்ப எடுத்தர்றோமுங்க சாமி!"

கடைசி சீட்டு நிரம்பும்வரை அதே பதில்தான். சேலம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

துரை கடுகடுத்தார்: "நாளைக்காவது நேரத்துக்கு வருவீரா?"

"வில், வில்" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தேன்.

சேட்டு யோசித்தார். "ராசிபுரம் பஸ்ஸில் வரவேண்டும் துரை. ஐ மே" என்றார்.

ஏஜென்சி போயிற்று.

வெளியே வந்ததும், "பொய் சொல்லலாமா மாஸ்டர்?" என்று என்னையே கேட்கிறார்!

தப்பு யாருடையது, நீங்களே சொல்லுங்கள். கண்டக்டருடையது என்பவர்கள் நாளை அதே பஸ்ஸில் ஏறி அவரிடமே சொல்லலாம். பஸ் கிளம்புவதற்குள் சொல்லி முடிக்கத் தாராளமாக நேரம் இருக்கும்.